கேமராவுக்கு முன்னால் குறிப்பேடு

விலங்கியல் வகுப்பு முடிந்ததும் ஆண்டுக்கு இரண்டு மூன்று மாணவர்களாவது வந்து கேட்கிறார்கள்: "சார், காட்டுயிர் ஆராய்ச்சி, போட்டோகிராபி, வாத்தியார் வேலை... மூணையும் சேர்த்துச் செய்ய முடியுமா?" முடியும். ஆனால் மூன்றுக்கும் சம இடம் கொடுக்க நினைப்பவர்கள்தான் இடறுகிறார்கள்.

ஆய்வும் ஆசிரியப் பணியும் ஒன்றையொன்று வளர்ப்பவை. நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங் சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களின் பின்னால் நடந்தார். 1985இல் டேராடூனிலுள்ள இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தில் சேர்ந்து, ஒரு தலைமுறை ஆய்வாளர்களைக் காட்டுக்குள் நடத்திச் சென்றே பயிற்றுவித்தார். எச்சத்தையும் தடத்தையும் கையால் தொட்டுக் காட்டும் ஆசிரியரிடம் படித்தவருக்குப் பாடம் மறக்காது.

இந்தச் சேர்க்கைக்குக் கல்லூரி நாட்காட்டிதான் பகை. நீர்நிலைகள் வற்றி, விலங்குகள் மிச்சமிருக்கும் தண்ணீரைத் தேடி வரும் ஏப்ரல், மே மாதங்களில்தான் நமக்குத் தேர்வும் விடைத்தாள் திருத்தமும். களப்பணியை நேசிக்கும் ஆசிரியருக்கு இது ஆண்டுதோறும் நேரும் இழப்பு.

சிக்கல் அதிகம் வருவது கேமராவால். புலிக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புலியின் வரிகளும் தனி. ஒரே புலியின் இடது விலாவும் வலது விலாவும்கூட ஒத்திருப்பதில்லை. அதனால்தான் காட்டுப்பாதையின் இருபுறமும் எதிரெதிராகத் தானியங்கிக் கேமராக்களைக் கட்டுகிறார்கள். விலா தெளிவாக விழுந்த சுமாரான படம் ஆய்வாளருக்குப் பொக்கிஷம். கண்ணோடு கண் பார்க்கும் அழகான முகப்படத்தால் அந்தக் கணக்குக்குப் பெரும் பயன் இல்லை. எந்தப் படத்துக்காகக் காத்திருக்கிறோம் என்பதிலேயே ஆய்வாளரும் கலைஞரும் பிரிந்துவிடுகிறார்கள்.

இருவரையும் தமக்குள் சேர்த்து வைத்திருந்தவர் மா. கிருஷ்ணன். தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த ஆய்வுக்கு அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களே துணை. விலங்கை மட்டும் பெரிதாக்கிக் காட்டாமல், அது நிற்கும் புல்லையும் மரத்தையும் சேர்த்தே எடுத்தார். அது அழகுக்காக மட்டும் செய்த தேர்வு அல்ல, வாழிடத்தின் பதிவும்கூட என்றே நான் கருதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் தையல்சிட்டுக் கூட்டின் படத்தைக் கொண்டுவந்தார். இலை விளிம்பில் பறவை தைத்த தையல் ஒவ்வொன்றும் துல்லியம். உள்ளே மூன்று குஞ்சுகள், வாயைப் பிளந்தபடி. உற்றுப் பார்த்தபோது ஓரத்தில் வெள்ளை நூல் ஒன்று தெரிந்தது. கூட்டை மறைத்த இலையை இழுத்துக் கட்டியிருந்தார். குஞ்சுகள்மேல் நேர் வெயில். காக்கைக்கும் இனி மறைவில்லை. எந்தத் தேதி, தாய் எத்தனை முறை இரை கொண்டுவந்தது, என்ன இரை என்று கேட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அந்தப் படத்தைத் துறைச் சுவரில் மாட்டவில்லை. தவறு அவருடையது மட்டுமல்ல. கேமராவைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த நான், எப்போது கீழே வைக்க வேண்டும் என்று சொல்லத் தவறிவிட்டேன்.

மூன்றையும் விரும்பி வரும் மாணவர்களுக்கு இப்போது முதல் பருவத்தில் கேமரா தருவதில்லை. நாள், நேரம், இடம், பறவை என்ன செய்தது என்று எழுதிய குறிப்பேடு ஒன்று நிறைந்த பிறகே தருகிறேன். கூடு கண்ணில் பட்டால் குறித்துக்கொண்டு விலகி வாருங்கள். படம் வேண்டாம்.