கேப்டன் இல்லாத நாளில் அணி என்ன ஆகும்?

2016 செப்டம்பர் 18, சேப்பாக்கம். தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கிரிக்கெட்டின் முதல் இறுதிப்போட்டி. தினேஷ் கார்த்திக் தலைமையிலான தூத்துக்குடி பேட்ரியாட்ஸ் 215 ரன் குவித்தது. பதிலுக்கு ஆடிய சேப்பாக் சூப்பர் கில்லீஸ் 93 ரன்னில் சுருண்டது. 122 ரன் வித்தியாசத்தில் முதல் கோப்பை முத்துநகர் அணிக்கு. அடுத்த ஆண்டும் இறுதிப்போட்டி வரை வந்தார்கள். அந்த சீசனில் பேட்டிலும் பந்திலும் கலக்கிய வாஷிங்டன் சுந்தர், டிசம்பரிலேயே இந்திய அணிக்குள் நுழைந்துவிட்டார்.

இன்று அந்த அணி இல்லை. 2021 சீசனில் அது சேலம் ஸ்பார்டன்ஸ் என்ற பெயரோடு களமிறங்கியது. தூத்துக்குடி என்பது அந்த அணிக்குப் பெயரில் மட்டுமே இருந்தது. தென்மாவட்ட ஆட்டங்கள் நடந்தது திருநெல்வேலி சங்கர் நகர் மைதானத்தில். தன் ஊர் அணியைப் பார்க்க இங்குள்ள ரசிகர் பஸ் ஏற வேண்டியிருந்தது. ஊருக்குள் வேர் விடாத அணியை இடம் மாற்ற உரிமையாளருக்கு அதிக நேரம் பிடிக்காது.

ஆனால் இந்தத் துறைமுகம் அதற்கு நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே இன்னொரு அணியை இழந்திருக்கிறது. அதற்கு வேர் இருந்தது, ரசிகர் பட்டாளம் இருந்தது, ஈடு இணையற்ற கேப்டனும் இருந்தார். சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிதான் அது; கேப்டன் வ.உ.சி. தேசபக்தியின் கதையாக அதைப் பலமுறை கேட்டுவிட்டோம். ஓர் ஆட்டமாக அலசினால், மாற்றத்தை எதிர்கொள்ளும் எந்த நிறுவனத்துக்கும் அதில் பாடம் இருக்கிறது.

பவர்பிளே

எதிரணி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன். தூத்துக்குடி – கொழும்பு தடத்தில் அவர்கள் வைத்ததுதான் கட்டணம். வ.உ.சி. முதலில் வாடகைக் கப்பலோடுதான் இறங்கினார். கப்பல் கொடுத்தவர்களை எதிரணி நெருக்க, வாடகை ஒப்பந்தம் முறிந்தது. கொழும்பிலிருந்து வேறு கப்பல் பிடித்து அவர் சேவையைத் தொடர்ந்தார். ஆனால் பாடம் புரிந்துவிட்டது: இரவல் மட்டையை எந்த நேரத்திலும் திருப்பிக் கேட்பார்கள்.

1906 அக்டோபர் 16 அன்று கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர், வ.உ.சி. உதவிச் செயலாளர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் கொடுத்தார். அடுத்த ஆண்டே காலியா, லாவோ என்ற இரண்டு சொந்தக் கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் 1,300-க்கும் மேற்பட்ட பயணிகளையும் 4,000 மூட்டைகளையும் ஏற்றக்கூடியது. அனுபவமே இல்லாத அணிக்கு இது அசாத்தியத் தொடக்கம். கோரிக்கை மனு எழுதிக் காத்திராமல், சந்தையிலேயே போட்டியாளராக இறங்கியதுதான் வ.உ.சி. செய்த பெரிய மாற்றம்.

எதிரணியின் பந்துவீச்சு

பதிலடி கட்டணத்தில் வந்தது. கொழும்புக் கட்டணத்தை ஆங்கிலேயக் கம்பெனி ஒரு ரூபாய் வரை இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு வந்தது. கடைசியில் அவர்கள் இலவசமாகவே ஏற்றிக்கொள்வதாகச் சொல்லி, கூடவே ஒரு குடையும் கொடுத்தார்கள் என்று வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன.

இங்கேதான் முதல் பலவீனம் தெரிகிறது. கட்டணப் போர் என்பது நஷ்டத்தை அதிக நாள் தாங்குபவர் ஜெயிக்கும் ஆட்டம். எத்தனையோ கடல் தடங்களில் வருமானம் பார்க்கும் கம்பெனிக்குத் தூத்துக்குடி தடத்தில் வரும் நஷ்டம் சில்லறை. சுதேசிக் கம்பெனிக்கு அந்த ஒரே தடம்தான் பிழைப்பு. அந்தப் பலவீனத்தை ஈடுகட்டியது வணிகர்களும் பயணிகளும் காட்டிய விசுவாசம். விசுவாசம் ஒரு சீசனைக் காப்பாற்றும். அடுத்தடுத்த சீசன்களுக்குக் கையிருப்பு வேண்டும்.

எல்லா இடத்திலும் ஒரே ஆள்

1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வு, வார விடுமுறை ஆகியவை முக்கியக் கோரிக்கைகள். முன்னின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். இரண்டு வாரத்துக்குள் ஆலை நிர்வாகம் இறங்கி வந்தது. அந்தக் காலத்துக்கு அது பிரம்மாண்ட வெற்றி.

ஆட்டத்தை அலசுபவனுக்கு அங்கே வேறொன்றும் கண்ணில் படுகிறது. கப்பலுக்கு முதல் திரட்டியவர், கப்பல் வாங்க அலைந்தவர், மேடையில் பேசியவர், தொழிலாளர் போராட்டத்தை நடத்தியவர் எல்லாமே ஒருவர். தொடக்க ஆட்டக்காரரும் அவரே, கடைசி ஓவர் வீசுபவரும் அவரே. அப்படிப்பட்ட அணியை முடக்க எதிரணிக்கு ஒரே ஒரு விக்கெட் போதும்.

அந்த விக்கெட் 1908 மார்ச் 12 அன்று விழுந்தது. வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்து, 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. 1911-லேயே அதைக் கலைத்துவிட்டார்கள், கப்பல்களும் கைமாறிவிட்டன.

நடுவரே எதிரணியின் சட்டை போட்டு நின்ற ஆட்டம் இது. சிறையில் செக்கிழுத்த மனிதர் மீது தோல்விப் பழியைப் போடுவது அநியாயம். ஆனால் கேப்டன் உள்ளே போன பிறகு கம்பெனி நடத்தும் பொறுப்பு வெளியே இருந்தவர்களிடம்தானே இருந்தது? பணம் போட்டவர்கள் பலர் இருந்தார்கள். கொழும்புத் தடத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் இரண்டாவது ஆள் எழுந்து வரவில்லை.

சென்னைக்கும் இதே சோதனை

நம் காலத்திலும் இதைப் பார்த்தோம். 2022 மார்ச் 24 அன்று, சீசன் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, சென்னை சூப்பர் கிங்ஸ் கேப்டன் பதவி தோனியிடமிருந்து ஜடேஜாவுக்குப் போனது. ஏப்ரல் 30 அன்று திரும்பவும் தோனியிடமே வந்தது. பத்து அணிகளில் சென்னைக்கு ஒன்பதாவது இடம். பொறுப்பைக் கொடுத்தார்கள், அதற்கான பயிற்சிக் காலத்தைக் கொடுக்கவில்லை. 2024-இல் ருதுராஜ் கெய்க்வாட்டிடம் கொடுத்தபோது தோனி ஆடும் அணியிலேயே இருந்தார். கோப்பை வரவில்லை என்றாலும் அந்த சீசனில் பாதியில் பதவி திரும்பவில்லை.

அடுத்த ஆளைத் தயாராக வைத்திருக்கும் பெஞ்ச் பலம் பற்றி முத்துக்குளித்துறையிடமே கேட்கலாம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பை அறிவிக்கும் முன், கடலடியில் சிப்பிகள் வாழும் பார்களைப் பரிசோதிப்பார்கள். குளியாட்களை இறக்கி மாதிரிச் சிப்பிகளை எடுத்து, வயதையும் முத்தின் மதிப்பையும் பார்ப்பார்கள். சிப்பி முதிரவில்லை என்றால் அந்த ஆண்டு குளிப்பு கிடையாது. இத்தனை கவனத்துக்குப் பிறகும் இந்தப் பக்கம் 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கடல் கொடுக்காததை வளர்த்துப் பார்க்கலாம் என்று தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கே. அழகர்சுவாமி குழுவினர் முயன்றார்கள். 1973-இல் வளர்ப்பு முத்தும், 1981-இல் குஞ்சுப்பொரிப்பகத்தில் சிப்பிக் குஞ்சும் வந்தன. பெருந்தொழிலாக அது வளரவில்லை என்றாலும், வரத்து நின்றபோது அடுத்த தலைமுறையைத் தாங்களே வளர்க்க முனைந்த அந்த அணுகுமுறைதான் மாற்றத்துக்குச் சரியான பதில்.

மதிப்பெண்

சுதேசிக் கம்பெனிக்கு என் மதிப்பெண்: துணிச்சல் 10-க்கு 10. மக்கள் ஆதரவு திரட்டியது 9. பண நெருக்கடியைத் தாக்குப்பிடித்தது 4. பெஞ்ச் பலம் 2.

பேட்ரியாட்ஸ் அணிக்கு அப்படியே தலைகீழ்: ஆட்டத் திறமை 9, ஊரோடு ஒட்டியது 2.

வ.உ.சி. பெயரைத் தாங்கும் துறைமுகம் இப்போது அடுத்த மாற்றத்தின் நடுவில் நிற்கிறது. 2024 செப்டம்பரில் புதிய கன்டெய்னர் முனையம் திறந்தது. 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை வந்தது. இங்கிருந்து கொழும்புக்கு 2011 ஜூனில் விட்ட ஸ்கோஷியா பிரின்ஸ் பயணிகள் கப்பல் சில மாதங்களிலேயே நின்றுபோனதையும் மறக்க வேண்டாம். தொடக்க விழாவோடு ஆட்டம் முடிந்துவிடுவதில்லை.

நிறுவனம் நடத்துபவர்கள் இந்த வாரக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: நாளைக் காலை முதலாளியோ மேனேஜரோ ஆறு மாதத்துக்கு வர முடியாது என்றால், அவர் நாற்காலியில் உட்காரப் போவது யார்? பெயர் உடனே வரவில்லை என்றால், அந்த ஆளைத் தேர்ந்து இப்போதே சின்னச் சின்ன ஆட்டங்களில் கேப்டனாக்குங்கள். நெருக்கடி வந்த பிறகு தேடினால் காலம் கடந்திருக்கும்.