சிறிதாக்கிய வளையல்

அம்மாவின் வளையல் மூன்றாவது முறையாகக் கழன்று விழுந்தபோது அவள் கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சாக்கடைக்குள் போவதற்குள் எடுத்துவிட்டோம். அடுத்த வாரமே நானும் தங்கையும் இரண்டு வளையல்களையும் பத்தரிடம் கொடுத்துச் சிறிதாக்கி வாங்கிவந்தோம். வெட்டியெடுத்த பொன்துண்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். நகை பத்திரம் என்று எங்களுக்கு நிம்மதி. கை ஏன் சிறுத்தது என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

என் தங்கையைவிட எனக்கு இதில் வெட்கம் அதிகம். வளை நெகிழ்ந்தால் என்ன பொருள் என்று பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள் நான். அகப்பாடல்களில் தலைவியின் வளை நெகிழ்ந்தால் தோழி கவனிக்கிறாள், தாய் கலங்குகிறாள், வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறார்கள். எடை பார்க்கும் எந்திரம் இல்லாத காலத்தில் உடல் மெலிவை அளக்க நம் கவிதை கண்டுபிடித்த கருவி வளையல். ஆனால் அந்தக் கருவி இளம்பெண்ணின் கையில் மட்டுமே வேலை செய்கிறது. மூத்தவள் கையில் வளை நெகிழ்ந்தது கண்டு பதறும் தோழியை என் வாசிப்பில் நான் சந்தித்ததில்லை.

மெலிந்த மூதாட்டி நம் இலக்கியத்தில் இல்லாமலில்லை. புறநானூற்றின் 278ஆம் பாடலில் வருகிறாள். பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார், ஒரு பெண். நரம்பு புடைத்து, தோள் வற்றிப்போன முதியவள். மகன் போரில் புறங்காட்டினான் என்று ஊர் சொல்ல, அது உண்மையானால் அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள். பிணங்களைப் புரட்டுகிறாள். சிதைந்து கிடக்கும் மகனைக் கண்டு, பெற்ற நாளைவிட அதிகமாக மகிழ்கிறாள். இதற்கு வகுத்த துறை உவகைக் கலுழ்ச்சி, மகிழ்ச்சிக் கண்ணீர். வீரத்தாய் என்றுதான் நான் படித்தேன், வீரத்தாய் என்றுதான் நடத்தினேன். அந்தத் தோள் எப்படி வற்றியது என்று நானும் கேட்டதில்லை, எந்தத் தேர்விலும் வினா வந்ததில்லை.

பாடல் அதற்கு விடை சொல்லவில்லை. நானும் அதன் வாயில் விடையைத் திணிக்கப் போவதில்லை. ஆனால் அதே நூலில் சில பக்கங்கள் முன்னால் போனால் 246ஆம் பாடல் இருக்கிறது. பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு, கணவனின் சிதையில் இறங்கத் துணிந்து, தடுக்கும் சான்றோரிடம் பேசுகிறாள். கைம்பெண்ணாக வாழ்ந்தால் தனக்குக் கிடைக்கப்போகும் சாப்பாட்டை வரிசையாகச் சொல்கிறாள்: நெய் படாத நீர்ச்சோறு, எள் துவையல், புளி கூட்டிய வேளைக்கீரை. படுக்கப் பாய்கூட இல்லாத பருக்கைக் கல். இதற்குத் தீயே மேல் என்கிறாள். 248இல் ஒக்கூர் மாசாத்தனார், கணவனை இழந்தவள் வேளை தவறி உண்ணும் அல்லியரிசியைப் பாடுகிறார். ஒரு பெண்ணின் உடல் மெலியும் வழியை, என்ன உண்டாள், எப்போது உண்டாள் என்பது வரை, இந்தப் பாடல்கள் எழுதிவைத்திருக்கின்றன. உரைகள் இதைக் கற்பு என்றும் நோன்பு என்றும் பெயரிட்டு மூடிவிட்டன.

அப்பா இறந்த பிறகு அம்மா மீனைத் தொடவில்லை. நாகப்பட்டினத்துக்காரி, வாரத்தில் ஐந்து நாள் மீன் சமைத்த கை. ‘தொடாதே’ என்று யாரும் சொல்லவில்லை. “பிடிக்கலம்மா” என்றாள், விட்டுவிட்டோம். பல் செட் சரியாகப் பொருந்தாததால் கடலையும் சுண்டலும் போயின. இரவில் இரண்டு இட்லி, பகலில் ரசம்சாதம், மோர். நான் என்ன செய்தேன்? கவிதை எழுதினேன். அம்மாவைத் தன்னையே எரித்துக்கொண்டு ஒளி தரும் திரியாக எழுதினேன். ஒரு கூட்டத்தில் அதை வாசித்தபோது கைதட்டினார்கள். இப்போது அதை விமர்சகியாகப் படித்தால், ஒரு பெண் பட்டினியில் குறைந்துகொண்டிருந்ததைப் பார்த்து உவமை தேடியிருக்கிறேன் என்பது தெரிகிறது.

காரைக்கால் அம்மையாரைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. கணவனுக்காகச் சுமந்த தசையை உதறிப் பேயுருவை வரமாகக் கேட்டுப் பெற்றார் என்கிறது பெரியபுராணம். அது அவர் கேட்டு வாங்கிய எலும்பு. அம்மா எதையும் கேட்டு வாங்கவில்லை. நாங்கள் பார்க்காததால் நடந்தது.

மருத்துவமும் எங்களைப் போலத்தான் வாசித்தது. வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது அம்மாவின் எடை 41 கிலோ, உயரம் 146 செ.மீ. உடல்நிறைக் குறியீட்டெண் 19.2. 18.5க்கு மேல் என்பதால் ‘நார்மல்’ என்று எழுதிக்கொடுத்து, “ஒல்லியா இருக்காங்க, சுகர் இல்ல, நல்லதுதான்” என்றார் மருத்துவர். பழைய சீட்டுகளை வீட்டில் தேடியெடுத்தேன். அப்பா இருந்தபோது 49 கிலோ, உயரம் 150. முதுகெலும்பு தேய்ந்து கூன் விழுந்ததில் நான்கு செ.மீ. போயிருக்கிறது. பழைய உயரத்தை வைத்துக் கணக்கிட்டால் குறியீட்டெண் 18.2, எடைக்குறைவு. எலும்பு நைந்ததால் எண் அழகாகிவிட்டது.

இந்த எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1830களில் பெல்ஜியத்துக் கணிதர் கெட்லே ‘சராசரி மனிதனை’த் தேடியபோது பிறந்த சூத்திரம் இது. 1972இல் ஆன்செல் கீஸ் குழுவினர் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினர். அவர்கள் ஆராய்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அனைவரும் ஆண்கள். இந்த எண்ணுக்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. முதுமையில் தெரியவேண்டியது அதுதான். வயதோடு தசை கரைவதற்கு 1989இல் இர்வின் ரோசன்பர்க் ‘சார்கோபீனியா’ என்று பெயர் வைத்தார். கிரேக்க மூலத்தில் தசையின் வறுமை என்று பொருள். பருமனாக இருக்கும் பாட்டிக்கும் அது வரும். அவரை ‘எடையைக் குறை’ என்று கஞ்சியில் போட்டால் கொழுப்போடு தசையும் கரையும், விழுந்தால் இடுப்பெலும்பு முறியும்.

அப்படியானால் எது சரியான எடை? இந்தியருக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருவதால் இங்கே 23லிருந்தே அதிக எடை என்கிறார்கள். 65 வயது தாண்டிய ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரின் தரவுகளைத் திரட்டிய, 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வோ, 23க்குக் கீழே போகப்போக இறப்பு அபாயம் கூடுவதாகக் கண்டது. அது பெரும்பாலும் மேலைநாட்டார் பற்றியது. அப்படியே இங்கே எடுத்துவர முடியாது. ஆனால் ஒருத்தியின் மேல்வரம்பாகவும் கீழ்வரம்பாகவும் ஒரே எண் நிற்கும்போது, எண்ணை மட்டும் பார்ப்பவர் எதையும் பார்க்கவில்லை என்றாகிறது.

பார்க்கவேண்டியது மாற்றத்தை. முயலாமலே ஓராண்டுக்குள் எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தால் காரணம் தேடவேண்டும் என்பது மருத்துவ விதி. 49 கிலோ அம்மாவுக்கு அது இரண்டரைக் கிலோ. காரணம் பல்லாக இருக்கலாம், துக்கமாக இருக்கலாம். தைராய்டு, காசநோய், புற்று, சாப்பிடும் மாத்திரை எதுவாகவும் இருக்கலாம். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா, பாட்டில் மூடியைத் திறக்க முடிகிறதா, கெண்டைக்காலின் சுற்றளவு குறைகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள் முதியோர் மருத்துவர்கள். கெண்டைக்காலில் சுற்றும் அந்த நாடாவும் ஒருவகை வளையல்தான். நெகிழ்ந்தால் கேள்வி கேட்கவேண்டும். நாங்கள் வளையலைச் சிறிதாக்கினோம்.

இப்போது அம்மாவுக்குப் புதுப் பல் செட். மற்ற பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை. காலையில் முட்டை, மாலையில் சுண்டல், நாற்காலியைப் பிடித்தபடி பத்து முறை உட்கார்ந்து எழுகிறாள். எட்டு மாதத்தில் இரண்டு கிலோ ஏறியிருக்கிறது. முட்டையை “மருந்து” என்று சொல்லித்தான் சாப்பிடுகிறாள். மீனை இன்னும் தொடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, “உனக்குப் பிடிக்காதா, சாப்பிடக்கூடாதா?” என்று முதன்முறையாகக் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “இதை நீ அப்பவே கேட்டிருக்கலாம்டி” என்றாள்.