டென்டன் ஊர் போல்கா

ரெக்கார்டுக் கடைகளில் யாரும் சீண்டாத தள்ளுபடிப் பெட்டி ஒன்று இருக்குமே, அதிலிருந்துதான் கார்ல் ஃபிஞ்ச் பழைய போல்கா இசைத்தட்டுகளைப் பொறுக்கினார். 1979இல் டெக்சஸின் டென்டன் நகரில் நாலு பேரோடு அவருடைய ‘பிரேவ் காம்போ’ இசைக்குழு தொடங்கியது. பங்க் அலை அடித்துக்கொண்டிருந்த காலம். கல்யாண வீட்டுத் தாத்தாக்கள் ஆடும் பாட்டோடு இளவட்டங்கள் முன் மேடையேற நெஞ்சழுத்தம் வேண்டும். கம்பெனிகளுக்குக் காத்திராமல் ‘ஃபோர் டாட்ஸ்’ என்ற சொந்த லேபிளிலேயே இசைத்தட்டும் போட்டார்கள்.

போல்கா தாளத்துக்கு இரண்டே தட்டு. பேஸ் தட்டில் விழும்; அக்கார்டியன் தட்டுக்குத் தட்டு நடுவே துள்ளும். அந்தத் துள்ளலில்தான் கால் தானாக எழும்புகிறது. ராக் கிட்டார் கலைஞர் ஹெண்ட்ரிக்ஸின் ‘பர்ப்பிள் ஹேஸ்’ பாட்டையே இதற்குள் இறக்கிவிட்டார்கள். கிண்டல் என்று தோன்றலாம். எனக்கு அப்படிப் படவில்லை. கிண்டல் செய்கிறவன் தாளத்தை இவ்வளவு சுத்தமாகப் பிடிக்க மாட்டான்.

டெக்சஸில் செக், ஜெர்மன் குடியேறிகளின் போல்காவும் மெக்சிகோ வழி வந்தவர்களின் கொன்ஹுன்டோ இசையும் அக்கார்டியனைப் பங்குபோட்டுக்கொண்டவை. பிரேவ் காம்போக்காரர்கள் இரண்டு வீட்டிலும் கை நனைத்தார்கள். கிராமி விருது கிடைக்க இருபது வருஷம் ஆனது, அதுவும் போல்காப் பிரிவில்தான்.