சிலம்பும் தேர்க்காலும்: நெகிழாச் சட்டம் குறித்து ஒரு மறுநோக்கு

சட்டம் நெகிழ வேண்டுமா, நிலைத்து நிற்க வேண்டுமா என்னும் வினாவிற்குத் தமிழ் வகுப்பறைகளில் இரு மன்னர்களைச் சான்று காட்டுவது வழக்கம். மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் நெகிழாமையின் சிறப்பிற்கும், கோவலனைக் கொல்வித்த பாண்டியன் அதன் கேட்டிற்கும் எடுத்துக்காட்டாகின்றனர். இவற்றுள் இரண்டாவது கூற்று மூலத்தோடு பொருந்தவில்லை, முதலாவதும் மறுஆய்விற்குரியது.

கொலைக்களக் காதையில் பாண்டியன் இடும் ஆணை நிபந்தனையுடையது. தேவியின் சிலம்பு கள்வன் கையில் இருக்குமாயின் கொல்க என்பதே அது. கையிலிருப்பது தேவியின் சிலம்புதானா என்பதை ஆராய்வார் யாருமில்லை. கோவலனின் தோற்றம் கண்டு காவலர் ஐயுறுகின்றனர். ஆயின் அவர்தம் ஐயம் தோற்றத்தைச் சார்ந்ததேயன்றிச் சான்றைச் சார்ந்ததன்று. ஆகவேதான் பொற்கொல்லனின் சொல்வன்மைக்கு முன் அது நிலைக்கவில்லை. கோவலன் பேசுவதற்கும் இடம் தரப்படவில்லை.

வழக்குரை காதையில் கண்ணகி, களவிற்குக் கொலைத் தண்டனை கொடிது என்று வாதிடவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் அன்று என்னும் அரசனின் கூற்றை அவள் மறுக்கவில்லை; தன் கணவன் கள்வன் அல்லன் என்பதையே நிறுவுகிறாள். தேவியின் சிலம்பின் பரல் முத்து. அவள் சிலம்பின் பரல் மணி. ஒரு சிலம்பை உடைத்தால் தெளிவாகும் உண்மை அது. கண்ணகி அரசனை விளிக்கும் முதற்சொல் அவனது ஆராயாமையையே சுட்டுகிறது. அவன் ஆணையிடும் இடத்தில் இளங்கோவடிகளும் அதே வினையடியை ஆள்கிறார். எனவே மதுரையில் தவறியது சட்டத்தின் நெகிழாமை அன்று, தேர்ச்சியின்மையே எனலாம்.

பெரியபுராணத்துத் திருநகரச் சிறப்பில் நிலைமை வேறு. கன்று இறந்த வகையை அமைச்சர் வாயிலாக அறிந்த பின்னரே சோழன் முடிவெடுக்கிறான். கழுவாய் போதும் என்னும் அமைச்சர் உரையை, தன் மகனுக்கு ஒரு நீதி, பிறனுக்கு ஒரு நீதி ஆகும் என அஞ்சி மறுக்கிறான். நெகிழாச் சட்டத்திற்குரிய வலிய நியாயம் இதுவே. ஆயினும் இளவரசன் வேண்டுமென்று கொன்றவன் அல்லன். அவ்வேறுபாட்டைத் தண்டனை காணாதபோது, இறந்தோரை எழுப்ப இறைவனே வரவேண்டியதாயிற்று.

இவ்விரு காட்சிகளும் மலேசியச் சூழலில் நமக்குப் புறம்பானவை அல்ல. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் கடத்தலுக்கு 1983இல் மரண தண்டனை கட்டாயமாக்கப்பட்டது. ஒருவர் பொறுப்பிலுள்ள பொருளை அவர் அறிந்தே வைத்திருந்தார் என்பது ஓர் அனுமானம். குறித்த எடைக்கு மேற்படின் கடத்தலே என்பது மற்றோர் அனுமானம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க இடந்தந்த 37ஏ பிரிவு அரசமைப்பிற்கு முரணானது எனக் கூட்டரசு நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. தண்டனையின் கட்டாயம் 2018இல் ஓரளவு தளர்ந்து, 2023 ஜூலை 4 முதல் நீங்கியது. மரண தண்டனை இன்றும் சட்டத்தில் உண்டு. அதனை விதிப்பதா என்பதை நீதிபதி தேர்கிறார்.

2023ஆம் ஆண்டு மாற்றம் சோழனின் அமைச்சர் கேட்டது. 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பு கண்ணகி கேட்டது. இரண்டனுள் கண்ணகியின் வழக்கே முதன்மையானது. தண்டனை எத்துணை மென்மையாயினும், செய்யாதவன்மேல் விழுமாயின் அது முறையன்று.

ஆகவே, சட்டம் முழுவதையும் ஒருசேர நெகிழ்வென்றோ நிலைபேறென்றோ வகுத்தல் பொருந்தாது. ஆராயும் கடமை யார்மாட்டும் நெகிழலாகாது. ஆராய்ந்து கண்டதற்கேற்ப நெகிழவேண்டியது தண்டனை. பாண்டியனைக் கண்டிப்பான அரசன் என்று மாணாக்கர்க்குக் கற்பித்தல், அவன் தானே ஒப்புக்கொண்ட குற்றத்தை மறைப்பதாகும். கள்வன் தானே என்று கூறி உயிர்விட்டவன், தன் சட்டத்தைப் பழிக்கவில்லை. தான் பிறன் சொற்கேட்டதையே பழித்தான்.