ஆணி அறைந்த பாவை

சிற்பம் தனியொருவனின் கைவண்ணம் என்பது பலர் கொள்கை. ஆபிரிக்காவிற் கொங்கோ இனத்தார் ஆக்கிய ‘இன்கிசி இன்கொண்டி’ எனும் மரப்பாவைகளுக்கு அக்கொள்கை பொருந்தாது.

சிற்பி உருவை மாத்திரமே செதுக்குவான். ‘இங்கங்கா’ எனப்படும் சமயவினைஞன் மண், மூலிகை முதலியவற்றை அதன் வயிற்றிற் பொதிந்து, பிசினிட்டுக் கண்ணாடியால் மூடுவான். அதன் பின்னரே ஆவி அதில் உறையும் என்பது அம்மக்களின் நம்பிக்கை. அத்துடனும் பணி முற்றுப்பெறாது. வழக்குத் தீருங்காலும், உடன்படிக்கை செய்யுங்காலும், சூளுரைக்குங்காலும் ஓர் ஆணியோ இரும்பலகோ அதில் அறையப்படும். வாக்குப் பிறழ்ந்தாரை அவ்வாவி ஒறுக்கும் என அஞ்சினர். ஆகவே, ஆணிகளின் செறிவு ஊரார் தம்முட் செய்த உறுதிகளின் செறிவேயாகும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியர் இவற்றை மூடநம்பிக்கையின் சின்னமெனப் பழித்தனர். பலவற்றைத் தம் நாட்டு நூதனசாலைகளுக்குக் கொண்டு சென்றனர். அவற்றுட் சில, மருந்து அகற்றப்பட்டவை. பிற்காலத்துத் திறனாய்வாளர் சிலர் அவற்றின் வடிவழகை வியந்து போற்றினர். ஆயினும், இருசாராரும் பாவையை அதன் ஊரினின்றும் பிரித்தே நோக்கினர். வடிவத்தை மாத்திரம் காண்பார்க்கு ஆணி வெறும் அலங்காரமாகத் தோன்றும். அதனை அறைந்தோரின் வாழ்வையும் உடன்வைத்து ஆராய்வதே நேரிய திறனாய்வு என்பது எம் துணிபு.