பகை நாடும் பயணச் சீட்டும்

2024 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தமக்கை மகன் வீட்டுக்கு வந்தான். "நம்ம நாட்டோட சண்டைக்கு நிக்கிற ஊருக்கு நாம உல்லாசமாப் போய்ப் பணத்தைக் கொட்டலாமா, மாமா?" என்று கேட்டான். கேள்வி என்று இதைச் சொல்வது அவ்வளவு சரியல்ல. மாலத்தீவுக்கு வாங்கியிருந்த விமானச் சீட்டை அன்று காலையிலேயே ரத்துச் செய்துவிட்டு, என் வாயால் ஒரு 'சபாஷ்' கேட்டுக்கொண்டு போகத்தான் வந்திருந்தான். அந்நாட்டுத் துணை மந்திரிகள் மூவர் நம் பிரதமரைப் பற்றி வரம்பு மீறி எழுதிய சமயம் அது. அந்நாட்டுச் சர்க்காரே அவர்களைப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்துவிட்டது. இருந்தாலும் இங்கே கோபம் தணியவில்லை.

நான் சபாஷ் சொல்லவில்லை, கண்டிக்கவும் இல்லை. கண்டிக்கும் யோக்கியதை எனக்கு ஏன் இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டீன்பெக் எழுதிய 'ஒரு ருஷ்ய நாட்குறிப்பு' அது. ஒரு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுக்கும்போது, "நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா மனுஷன் எந்தக் கட்சின்னு கடைசிவரை பிடிபடலையே!" என்றான். இதைவிடச் சுருக்கமாக அந்தப் புத்தகத்தை யாரும் விமரிசித்ததாக எனக்குத் தெரியாது. அதன் பெருமை, குறை இரண்டுமே அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டன.

1947ஆம் வருஷம் அவர் புறப்பட்டார். அந்த மார்ச்சில்தான் ஜனாதிபதி ட்ரூமன் கம்யூனிஸத்துக்கு எதிராகக் கிரீஸுக்கும் துருக்கிக்கும் பண உதவி கேட்டு அமெரிக்கக் காங்கிரஸில் பேசியிருந்தார். முந்தாநாள்வரை தோழனாக இருந்த ருஷ்யா எதிரியாகிக்கொண்டிருந்தது. ஸ்டாலின் என்ன நினைக்கிறார், ருஷ்யப் படைத் தலைவர்கள் என்ன திட்டம் போடுகிறார்கள் என்றெல்லாம் பத்திரிகைகள் எழுதிக் குவித்தன. ருஷ்யர்கள் ராத்திரி என்ன சாப்பிடுகிறார்கள், என்ன உடுத்துகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. நியூயார்க்கில் ஒரு ஹோட்டல் மதுக்கூடத்தில் ஸ்டீன்பெக்கும் புகைப்படக்காரர் ராபர்ட் காபாவும் பேசிக்கொண்டிருந்தபோது இது உறைத்தது. இருவரும் மாஸ்கோ, கீவ், ஸ்டாலின்கிராடு, ஜார்ஜியா என்று சுற்றிவிட்டு வந்தார்கள். 1948இல் நூல் வெளிவந்தது.

ஸ்டாலின்கிராடு பகுதியை இந்நூலின் சிகரம் என்பேன். ஹோட்டல் ஜன்னலுக்கு வெளியே ஊரே செங்கல் குவியலாகக் கிடக்கிறது. குவியலுக்கடியில் நிலவறைகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். விடிந்ததும் அந்தப் பொந்துகளிலிருந்து பெண்கள் தலைவாரி, வெளுத்த உடை உடுத்தி, வேலைக்குக் கிளம்பி வருகிறார்கள். யுத்தத்தில் புத்தி பேதலித்த சிறுமி ஒருத்தி, குப்பையைக் கிளறித் தின்றுகொண்டு மிருகம்போல் வளையில் வாழ்கிறாள். யாரோ ஒருத்தி அவளுக்கு ரொட்டி கொடுக்கிறாள். ஸ்டீன்பெக் இதற்கு நீண்ட வியாக்கியானம் எதுவும் எழுதவில்லை. இதைப் படித்த அமெரிக்கன் எவனும் மறுநாள் காலைப் பத்திரிகையில் 'ருஷ்யா' என்ற சொல்லைப் பழைய மாதிரி வாசித்திருக்க முடியாது.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். உக்ரேனியக் கூட்டுப் பண்ணைகளில் அவருக்கு மேஜை நிறைய விருந்து வைத்தார்கள். அதை ரசித்து எழுதுகிறார். 1946-47இல் அதே உக்ரேனில் கொடிய பஞ்சம். விருந்தைக் கண்டவர் பஞ்சத்தைக் காணவில்லை. காட்டியதை மட்டும் காண்கிற விருந்தாளியின் விதி இது. அரசியலைத் தொடமாட்டேன் என்று அவர் போட்டுக்கொண்ட விரதம் கண்ணை ஒரு பக்கம் திறந்துவிட்டது. மறுபக்கம் கட்டியும் விட்டது.

இதற்குப் பக்கத்தில் பிரெஞ்சு ஆசிரியர் ஆந்த்ரே ழீதை வைத்துப் பார்க்கலாம். 1936இல் அவர் ருஷ்யாவுக்குப் போனது பக்தராக. செஞ்சதுக்கத்தில் கார்க்கியின் இறுதிச் சடங்கில் பேசும் கௌரவம் கிடைத்தது. பிறகு ஸ்டாலின் பிறந்த ஊரான கோரியில், அவருக்கு நன்றி சொல்லித் தந்தி கொடுக்கப் போனார். வெறுமனே 'நீங்கள்' என்று எழுதினால் போதாது, தொழிலாளர் தலைவர் என்பதுபோல் ஏதாவது அடைமொழி சேர்த்தாலொழியத் தந்தி போகாது என்றுவிட்டார்கள். ஒரு தந்தி பாரம் போதும், ஒரு ராஜ்யத்தைப் புரிந்துகொள்ள! திரும்பி வந்து அந்த வருஷமே நூல் வெளியிட்டார்; நண்பர் பலரை இழந்தார். அவருக்கு முன் 1930இல் போன நம் தாகூர் ருஷ்யக் கல்விமுறையை மனமாரப் பாராட்டினார். கூடவே, பகைமையைப் பாடமாகப் போதிக்காதீர்கள் என்று மாஸ்கோப் பத்திரிகை ஒன்றிடம் சொன்னார். அந்தப் பேட்டி அங்கே அச்சேறியது 1988இல்.

ஒருவர் பக்தராகப் போனார், ஒருவர் விருந்தாளியாக, ஒருவர் கவியாக. மூவரும் வீட்டிலிருந்தபடியே அபிப்பிராயம் சொல்லியிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது மூன்று அபிப்பிராயங்கள்தாம்.

அப்படியானால் எந்த ஊருக்கும் போகலாமா என்று கேட்பீர்கள். போகக் கூடாத ஊரும் உண்டு. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுடன் 1946லேயே இந்தியா வியாபாரத்தை நிறுத்தியது. நம் பாஸ்போர்ட்டில், அந்த நாடு நீங்கலாக என்றே வெகுகாலம் அச்சிட்டிருந்தார்கள். அது சரியான காரியம். ஆனால் எதனால் சரி? 1959இல் ஆல்பர்ட் லுதுலி போன்ற அந்நாட்டுத் தலைவர்களே, எங்கள் நாட்டுச் சரக்கை வாங்காதீர்கள் என்று வெளியுலகத்தை வேண்டிக்கொண்டார்கள். கஷ்டம் தங்கள் ஜனங்களையும் தாக்கும் என்று தெரிந்தே கேட்டார்கள். அடிபடுகிறவன் 'வராதே' என்றால் போகாமலிருப்பது தர்மம். அவன் 'வா' என்னும்போது, அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே போகாமலிருப்பதற்கு என்ன பெயர்?

இங்கே என் கதையைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் கதைகளைப் படித்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதுவார். 2013இல், ஒரு வாரம் வந்து தங்குங்கள், எரிந்து மறுபடி எழுந்த நூலகத்தைக் கூட்டிப் போய்க் காட்டுகிறேன் என்று அழைத்தார். நான் மறுத்தேன். 2009இல் அத்தனை பேரைக் கொன்ற அரசின் மண்ணில் கால் வைக்கமாட்டேன் என்று வீராவேசமாக இரண்டு பக்கம் எழுதினேன். அந்த நவம்பரில்தான் கொழும்பில் காமன்வெல்த் மாநாடு. இந்தியப் பிரதமரும் கனடாப் பிரதமரும் போகவில்லை. பிரிட்டிஷ் பிரதமர் போனார், யாழ்ப்பாணத்துக்கும் போனார். காணாமல் போன பிள்ளைகளின் படங்களை ஏந்திய தாய்மார்கள் அங்கே அவரைச் சூழ்ந்ததை உலகமே பார்த்தது.

ஆசிரியரின் பதில் ஒரு கார்டில் வந்தது. "தம்பி, உங்கட கோபம் நியாயமானதுதான். விலாசம்தான் பிழைத்துப் போச்சு. அது எங்கட வீட்டுக்கல்லோ வந்து சேர்ந்திருக்கு."

நான் 2018இல் போனேன். வீடு பூட்டியிருந்தது. கண் பார்வை மங்கி, டொராண்டோவில் மகளோடு இருக்கப் போய்விட்டார் என்று அடுத்த வீட்டார் சொன்னார்கள். நூலகத்தைத் தனியாகச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அரசுகள் உறவை முறிக்கட்டும். தூதரைத் திருப்பி அழைக்கட்டும். அது அவற்றின் தொழில். நாளைக்கே கைகுலுக்கவும் அவற்றுக்குத் தெரியும். மாலத்தீவையே பாருங்கள். 2023இல் நம்மவர் 2 லட்சத்துக்கு மேல் போன இடத்துக்கு, 2024இல் போனவர்கள் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம். 2025 ஜூலையில் அந்நாட்டுச் சுதந்திர விழாவுக்கு நம் பிரதமரே பிரதம விருந்தாளி! இடையில் வருமானம் குறைந்தது எந்தத் துணை மந்திரிக்கு? ஹோட்டலில் தட்டுக் கழுவியவனுக்கும் படகு தள்ளியவனுக்கும்தானே?

என் மருமகன் இப்போது மறுபடி சீட்டு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறான். போய் வரட்டும். ஸ்டீன்பெக்கின் புத்தகத்தை மறுபடியும் அவனிடம் கொடுத்திருக்கிறேன். விருந்து வைக்கிற மேஜைக்குப் பின்னால் சமையற்கட்டு எப்படி இருக்கிறது என்று ஒரு நாளாவது எட்டிப் பார்த்து எனக்கு எழுது என்றும் சொல்லியிருக்கிறேன்.