செம்பாறைக் குன்றில் ஏறுவது எப்படி?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் செடோனா என்ற சிற்றூரைச் சுற்றிச் செந்நிற மணற்பாறைக் குன்றுகள் தனித்தனியே எழுந்து நிற்கின்றன. அவற்றில் புகழ்பெற்றது கதீட்ரல் ராக். அடிவாரத்திலிருந்து இரு கோபுரப் பாறைகளுக்கு நடுவிலுள்ள கணவாய் வரை பாதை ஏறக்குறைய 1 கி.மீ. அதற்குள் 200 மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும். பலர் மூச்சிரைக்க ஓடி ஏறி, படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். இந்தக் குன்றின் அழகில் பாதி அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. குறுகிய பாதை என்பதாலேயே இங்கே நிதானம் தேவை.

பாறையைப் படியுங்கள்

நீங்கள் மிதிப்பது ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடற்கரை மணல். இது ஷ்னெப்ளி ஹில் பாறைத்தொகுதியைச் சேர்ந்தது. பாறை முகத்தில் ஓடும் கோடுகளைக் கவனியுங்கள். சாய்வாக ஒன்றன்மேல் ஒன்று படிந்த கோடுகள், காற்று குவித்த மணல்மேடுகளின் சரிவுகள். அவை தாழ்ந்து செல்லும் திசைதான் அன்று காற்று வீசிய திசை. தட்டையான கோடுகள் பெரும்பாலும் நீர் பரப்பிய மணல். சுற்றியுள்ள குன்றுகளில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பட்டை ஒன்று தெரியும். கடல் உள்ளே வந்த காலத்தில் படிந்த சுண்ணாம்புக்கல் அது.

சிவப்புக்குக் காரணம் இரும்பு. மணல் துகள்கள்மீது இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. அவ்வளவு சிறிய அளவே மலை முழுவதையும் சிவக்க வைக்கிறது.

கையால் ஏறுங்கள்

வழி நடுவே பாறைப் பிளவு ஒன்று வரும். அங்கே கால் மட்டும் போதாது. கைகளையும் ஊன்ற வேண்டும். தயங்காமல் பாறையைத் தொடுங்கள். மணல் தாளைப் போன்ற அதன் சொரசொரப்புதான் உங்கள் காலணிக்குப் பிடிமானம். காலடியை முழுதாகப் பதியுங்கள். அடுத்த பிடியைப் பார்த்த பிறகே உடலை உயர்த்துங்கள். மென்மையான அடுக்குகள் அரிபட்டு உள்வாங்க, கெட்டியானவை திட்டுகளாக நீட்டி நிற்கின்றன. அந்தத் திட்டுகளில் ஒவ்வொன்றிலும் நின்று திரும்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பள்ளத்தாக்கு சற்று அதிகமாக விரிந்திருக்கும்.

சிறியவற்றையும் பாருங்கள்

முறுக்கிய தண்டுள்ள ஜூனிப்பர் மரங்கள், செந்நிறப் பட்டையுள்ள மன்சனிடா புதர்கள், சப்பாத்திக்கள்ளி எல்லாம் கையளவு மண்ணில் வேர் பிடித்திருக்கின்றன. அகேவ் செடி பல ஆண்டுகள் காத்திருந்து ஒரே ஒருமுறை பூத்து மடிகிறது. தரையில் கருத்து, சொரசொரப்பாகத் தெரியும் மேலோடு வெறும் மண் அல்ல. நீலப்பச்சைப் பாக்டீரியாவும் பாசியும் லைக்கனும் சேர்ந்து கட்டிய உயிர்ப்போர்வை. ஒரு மிதி போதும், அது நொறுங்கிவிடும். மீண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

நேரமும் காலமும்

காலை வெயில் ஏறும் பக்கத்தில் விழுவதால் விடியலை ஒட்டிக் கிளம்புங்கள். சாய்ந்த ஒளியில் ஒவ்வொரு கோடும் நிழலோடு எடுப்பாகத் தெரியும். மாலையில் மேற்கே ஓக் க்ரீக் ஓடைக் கரைக்குச் சென்றால் ஏறிய குன்றையே முழு உருவில், அந்திச் சிவப்பில் பார்க்கலாம். ஏற்றத்துக்கு வசந்தமும் இலையுதிர் காலமும் ஏற்றவை. கோடையில் வெயில் கடுமை. ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல்களில் இடிமழை வரும். மழையில் பாறை வழுக்கும், மின்னலுக்கு ஒதுங்க இடமும் இல்லை.

இறங்குவதுதான் கடினம். செங்குத்தான இடங்களில் பாறையை நோக்கித் திரும்பியோ, உட்கார்ந்தோ இறங்குங்கள். அதில் வெட்கம் வேண்டாம்.

கம்பிக் கூடைகளில் கல் நிரப்பி வழி காட்டியிருக்கிறார்கள், அதைவிட்டு விலகாதீர்கள். யவபாய், அப்பாச்சி மக்கள் புனிதமாகப் போற்றும் நிலம் இது. பாறையில் பெயர் செதுக்காதீர்கள், கல்லை அடுக்கி வைக்காதீர்கள். தண்ணீரும் இரண்டு மணி நேரமும் எடுத்துக்கொண்டு போங்கள்; இந்தக் குன்றுக்கு அவசரம் பிடிக்காது.